மதகடி அம்புக்குறி

வாய்க்கால் கரையோடு ஆறுவரை நேராகப் போகும் பாதையில்தான் சுடர்விழி ஐந்து வருடமாக ஓடிப் பழகியிருந்தாள். ஊர்க்கமிட்டி நடத்திய ஓட்டப்பந்தயமும் அதே பாதைதான். ஆனால் காலனித் தெருவுக்கு முன்னாலிருந்த மதகடியில் மட்டும் அம்புக்குறி இடப்பக்கம் திரும்பி, வயலைச் சுற்றிக்கொண்டு போய், தெரு முடிந்த பிறகு மறுபடி கரையேறச் சொன்னது. "அங்க ரோடு சரியில்லம்மா" என்று காலையில் சொல்லியிருந்தார் கமிட்டித் தலைவர் மதிவாணன். அது அவள் பிறந்த தெரு. போன மாதம்தான் சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

மதகடிக்கு அவள்தான் முதலில் வந்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். நேராகவே ஓடினாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா வாளியோடு ஒதுங்கி, "ஏய், இந்தப் பக்கமாடி பந்தயம்?" என்றாள்.

"இந்தப் பக்கந்தாம்மா."

பின்னால் பைக் சத்தம் கேட்டது. மதிவாணன். "வழி மாறிட்ட! நீ அவுட்டு! நில்லு!"

சுடர்விழி நடுத்தெருவில் நின்று திரும்பினாள். பைக் மதகைத் தாண்டவில்லை. அவர் அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"காது கேக்கல. உள்ள வந்து சொல்லுங்க."