ஒழுகாத வால்வு

ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு வெந்நீர் டாங்கி நின்றது. அதன் தோளில் சின்னதாக ஒரு பித்தளை வால்வு. உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் வாயைத் திறந்து கொஞ்சம் வெந்நீரை வெளியே விடுவதுதான் வால்வின் வேலை. விட்டதும் அதற்கு அப்பாடா என்றிருக்கும்.

டாங்கிக்கு அது பிடிக்கவில்லை. "ஏண்டா, நாலு பேர் வந்து போற இடத்துல இப்படியா எச்சில் வடிப்பே? என் மானம் போகுது."

"உங்களுக்காகத்தாண்ணே விடுறேன். நான் அடக்கினா நீங்க வெடிச்சிடுவீங்க."

"நானா? என் இரும்போட கனம் தெரியுமா உனக்கு?"

அன்று மாடிக்கு வந்த மேனேஜர் அருளப்பன் தரையில் ஈரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். வால்வின் வாயில் ஒரு மூடியை வைத்து இறுக்கிவிட்டுப் போனார். டாங்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கொஞ்ச நாளில், சூடு போதுமென்று கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் பழுதானது. தண்ணீர் கொதித்துக்கொண்டே போனது.

"தம்பி, கொஞ்சம் விடுடா! தாங்க முடியலை!" என்று டாங்கி அலறியது.

வால்வு உள்ளுக்குள் முட்டி மோதிப் பார்த்தது. வாய் திறந்தால்தானே பதில் சொல்ல?

நல்லவேளையாக மாடியில் யாரும் இல்லை. டாங்கி வெடித்துக் கைப்பிடிச் சுவரையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் காலி மனையில் போய் விழுந்தது.

இடிபாட்டுக்குள் கிடந்த வால்வை அருளப்பன் எடுத்துத் துடைத்து, வந்திருந்த பிளம்பரிடம் காட்டினார்.

"டாங்கிதான் மட்டமான சரக்கு. இதைப் பாருங்க, கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலை. புது டாங்கிக்கு இதையே மூடியோட மாட்டிடுங்க" என்றார்.