ஏழாவது மெஷினில் ஒரு நல்ல சேதி

டேப்லெட் திரையில் ஏழாவது மெஷின் மட்டும் சிவப்பாக இருந்தது. ஓடவில்லை.

அது மாமினியின் ஓவர்லாக் தையல் மெஷின். அந்த லைனிலேயே வேகமான கை அவளுடையது. நாளைக்குச் சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும்.

புரொடக்ஷன் மேனேஜர் விஜயகுமாரி டேப்லெட்டோடு எழுந்து நடந்தாள். பக்கத்துப் பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தாள். மாமினியும் அங்கே போகிறாளோ என்று நடையை எட்டிப் போட்டாள்.

மாமினி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றிருந்தாள். ஒடிசாப் பெண். விஜயகுமாரி இந்த யூனிட்டுக்கு மாறி வந்து ஒரு மாதம் ஆகிறது. மாமினி தலையாட்டித்தான் அவள் பார்த்திருக்கிறாள், வாய் திறந்து பார்த்ததில்லை.

இப்போது மாமினி டேப்லெட்டைக் கை காட்டினாள்.

விஜயகுமாரி மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நீட்டினாள். மாமினி குனிந்து ஒடியாவில் ஏதோ கிசுகிசுத்தாள்.

“மேடம், எனக்கு விடுப்பு வேண்டும்,” என்றது டேப்லெட், செய்தி வாசிக்கிற குரலில். “எனக்குத் திருமணம்.”

விஜயகுமாரிக்குப் போன உயிர் பாதிதான் திரும்பியது. கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போன பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்?

“ஊருக்குப் போயிட்டு மறுபடி வருவியா கண்ணு?”

டேப்லெட் அதை ஒடியாவில் கேட்டது. மாமினி மறுபடி குனிந்தாள்.

“நான் எங்கும் போகவில்லை. என் பெற்றோர் இங்கே வருகிறார்கள். மணமகன் இந்த லைனில்தான் இருக்கிறார்.”

அக்கம்பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் மெக்கானிக் மோகன்ராஜைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்துச் சேவூர்க்காரன். எண்ணெய் விட்டு முடித்த மெஷினுக்கே குனிந்த தலை நிமிராமல் மறுபடியும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

யாரோ விசிலடித்தார்கள். விஜயகுமாரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏந் தம்பி, உனக்கு ஒடியா ஒரு வார்த்தை வராதே. கல்யாணம் வரைக்கும் எப்படித்தான் பேசி முடிச்சீங்க?”

மோகன்ராஜ் வாயைத் திறப்பதற்குள் மாமினி டேப்லெட்டைக் கையால் மெல்ல விலக்கினாள்.

“தமிழ்லதானுங்க மேடம் பேசுனோம்,” என்றாள். “இத உங்ககிட்ட என்ற வாயால சொல்றதுக்குத்தான் வெக்கமா இருந்துச்சுங்க.”