கடிதத்தோடு சேர்த்து

கடலோரத் தருமபுரத்தில் கப்பல் ஏஜென்ட் காதர் பாட்சாவின் ஆபீஸ் கண்ணாடியில் மத்தியான வெயில் தூங்கி வழிகிறது. உள்ளே குமாஸ்தா மங்கையர்க்கரசி மவுஸின் மேல் கை வைத்தபடி கால் மணி நேரமாக அசையாமல் இருக்கிறார். பக்கத்துக் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த நாம் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆபீஸின் பழைய மின்னஞ்சல்களைப் புது மென்பொருளுக்கு மாற்றுகிறார். சாயங்காலம் பழைய மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள். திரையில் இரண்டே கட்டங்கள்: ‘இணைப்பு மட்டும்’, ‘கடிதத்தோடு சேர்த்து’. விசாகப்பட்டினத்துக் கப்பல் ஆபீஸிலிருந்து தெட்சிணாமூர்த்தி பதினோரு வருடமாகச் சரக்குப் பட்டியலை இணைத்து, கூடவே இவருக்கென்று இரண்டு வரி எழுதிவந்த சங்கதி தெருவுக்கே தெரியும். யாருக்கும் தெரியாது என்று இவர் மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார். முதல் கட்டத்தைத் தொட்டால் அந்த வரிகள் போய்விடும். இரண்டாவதைத் தொட்டால் ஆபீஸே படிக்கும்.

“பட்டியல் மட்டும் ஏறினாப் போதும்மா,” என்கிறார் காதர் பாட்சா. “சரிங்க பாய்,” என்றபடியே மங்கையர்க்கரசி இரண்டாவதைத் தொடுகிறார். மின்விசிறிக் காற்றில் மேசைக் காகிதங்கள் மூச்சு விடுகின்றன. திரையில் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து முடிகிறது. காதர் பாட்சா தன் திரையில் எதையோ திறக்கிறார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார், வெகுநேரம் படிக்கிறார். “அங்க கடல் இன்னைக்குச் சத்தமே போடலைன்னு எழுதியிருக்காரே. அன்னைக்கு நம்ம கடல் எப்படிம்மா இருந்துச்சு?” மங்கையர்க்கரசி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நம்ம கடலும் அப்படித்தாங்க பாய் இருந்துச்சு.”