அடியில் இருந்த எழுத்து

“திருப்பிப் பாருங்கய்யா, அடியில இதைச் செஞ்ச வெள்ளைக்காரம்மா கையெழுத்தே இருக்கு!”

கடைக்காரர் சங்கையா நீட்டிய பூச்சாடியைச் சென்னியப்பன் வாங்கித் திருப்பினார். பச்சையும் நீலமும் கலந்து மினுங்கிய மண்சாடி. அடியில், மண் ஈரமாக இருந்தபோதே குத்திய சின்ன முத்திரை. என்னவோ இங்கிலீஷ் எழுத்தைக் கோணலாகப் போட்டது போல் தெரிந்தது.

“அந்தம்மா பேரென்னுங்க?”

“மார்கரெட்டு அம்மா. லண்டன்ல படிச்சவங்க.”

பக்கத்தில் நின்ற மனைவி கருப்பாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏனுங்க, நேத்து கொம்புத்தேன்னு சொல்லி வெல்லப்பாகு வாங்குனீங்களே, அதைக் காய்ச்சுனதும் இந்த லண்டன்காரம்மாதானுங்களா?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் நெல்வயலுமாக, நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனிதர். எழுபத்துநாலு டிசம்பரில், அவ்வளவு தூரம் கார் பிடித்துத் தேக்கடி பார்க்க வந்தார். வந்த முதல் நாளே குமுளிக் கடைத்தெருவில் ஏமாந்தாயிற்று. ஊர் திரும்பியதும் அந்தத் தேன் கதையைச் சொந்தபந்தம் முழுக்கக் கருப்பாத்தாள் சொல்லப்போகிறாள். இன்னொரு கதையும் கூடச் சேர்ந்தால் தலைகாட்ட முடியாது.

சாடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது, கையில் பையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள்.

“ஏண்ணே, அந்த மார்கரெட்டு அம்மாவை நீங்க பாத்திருக்கீகளா?” என்றாள் சங்கையாவிடம்.

“பாக்காம என்ன? போன வாரம்கூட இங்கனதான் உக்காந்து டீ குடிச்சாக.”

“குடிச்சது தமிழ்லயா, இங்கிலீசுலயா?”

கருப்பாத்தாள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். சங்கையா துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“வாங்குறதுன்னா வாங்கு. வியாபார நேரத்துல வந்து வம்பு பண்ணாதம்மா.”

அவள் கேட்கவில்லை. சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். “அய்யா, சாடியைக் கொஞ்சம் மாத்திப் பிடிச்சுப் பாருங்களேன்.”

சென்னியப்பன் சாடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மெல்லச் சுழற்றினார். கோணல் எழுத்து நிமிர்ந்து நின்றது. ‘மு’. அதை ஒட்டிப் பொடியாக இன்னொன்று, ‘பே’.

“அட, இது தமிழுங்க!” அவர் குரல் கடைத்தெருவுக்கே கேட்டது. “மு, பே! லண்டன்காரம்மா தமிழ்லதான் கையெழுத்துப் போடுவாங்களா?”

சங்கையா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மன்னிச்சிருங்கய்யா. ஆனைக்கரையில முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு. மண்ணு பிசையிறதுல இருந்து சூளையில வேக வைக்கிறது வரைக்கும் அவ ஒருத்திதான். ஏலக்காத் தோட்டத்துப் பொண்ணு செஞ்சதுன்னு சொன்னா யாருய்யா வாங்குறாக? தூசி படிஞ்சு கெடந்துச்சு. அதான் வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன்.” அவர் கண் கலங்கிவிட்டது.

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு கைவேலையைச் செய்துவிட்டு, தன் பெயரையும் தொலைத்துவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி!

“யாரு வாங்குவாங்களா? நான் வாங்குறனுங்க! இனிமே வர்றவங்ககிட்டயெல்லாம் அந்தப் புள்ள பேரைத்தான் சொல்லோணும். தெரியுதுங்களா?”

“சத்தியமாச் சொல்றேன்யா.”

காரில் ஏறியதும் கருப்பாத்தாள் சாடியை மடியில் வைத்துக்கொண்டாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“பரவால்லீங்க. யாருக்கும் தெரியாததை நீங்கதான் படிச்சுக் கண்டுபுடிச்சீங்க. ஊருக்குப் போனா இதைத்தான் மொதல்ல சொல்லுவேன்.” சற்று யோசித்தாள். “தங்கச்சி கமலாத்தாளுக்கும் ஒண்ணு வாங்கியாந்துருங்களே.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. சென்னியப்பன் காரைவிட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிடுக்காக நடந்தார். கடை வாசலை நெருங்கியவர், உள்ளே கேட்ட பேச்சில் அப்படியே நின்றார்.

“இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே அழுதுட்டீக,” என்றபடி, அந்தப் பெண் தூக்குவாளியைத் திறந்து சங்கையாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்யச் சொல்ற, பேச்சி? என் பொண்டாட்டி செஞ்சதுன்னு நேரா சொன்னா ஒருத்தரும் நம்பல. அவுகளாக் கண்டுபிடிச்சா மட்டும் சண்டை போட்டு வாங்கிட்டுப் போறாக,” என்ற சங்கையா, வெளியே ஏதோ ஹாரன் சத்தம் கேட்டதும் தட்டை ஒதுக்கினார். “சீக்கிரம் பையை எடுத்துக்கிட்டு வெளிய போயி நில்லு, அடுத்த வண்டி வந்துருச்சு!”