காப்பித் தொலி அடுப்பு

மூன்றாவது முறையும் இடிந்து விழுந்தது.

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, அவர் பாட்டிலைத் தகர அடுப்பின் நடுவில் மறுபடி நிறுத்தினார். சுற்றிலும் காப்பித் தொலியைப் போட்டு அமுக்கினார். பாட்டிலை உருவினால் நடுவே குழி நிற்க வேண்டும். நின்றால்தான் தீ ஏறும்.

நிற்கவில்லை.

காப்பி மில்லில் கொட்டை உடைத்த தொலியைச் சும்மாதான் கொடுக்கிறார்கள். சிலர் கோழிக்கூண்டில் பரப்புவார்கள், சிலர் வாழைத் தூரில் கொட்டுவார்கள். அவர் வீட்டில் இருபத்தாறு வருடமாக அதில்தான் சோறு. ஆக்கிப் போட்டவள் மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். போகிறவள் இந்த வித்தையையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவரும் ஒருநாளாவது அடுப்படியை எட்டிப் பார்த்திருக்கலாம்.

பொறுமை போய், இடிந்தது இடிந்தபடியே கொளுத்திவிட்டார்.

வீடு கொள்ளாத புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தால், எஸ்டேட் லய வரிசையில் கடைசி வீட்டுக் குருவம்மா குடத்துத் தண்ணீரோடு மூச்சிரைக்க நிற்கிறாள்.

“வீடுதேன் பத்திக்கிருச்சோன்னு ஓடியாறேண்ணே!”

உள்ளே போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வேறு தொலி அள்ளி, ஒரு கைத் தண்ணீர் தெளித்துப் பிசறினாள். “காஞ்ச தொலி எங்கிட்டு நிக்கும்?”

குழி நின்றது. தீ ஏறியது.

உலை கொதிக்கும்வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள். பீன்ஸ் கொடியை மிதித்த காட்டுமாடு, பருப்பு வராத ரேஷன் கடை, வாய் ஓயாத மருமகள். அவர் ‘உம்’ கொட்டியதோடு சரி. மாசிக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகமாட்டாளா என்று இருந்தது.

போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் தொலியை அள்ளிப் போட்டார். செம்பில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

தெளிக்கவில்லை.

பாட்டிலை உருவினார். இடிந்தது. கொளுத்திவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

புகை லயம் முழுக்கப் பரவியது. குருவம்மா வெளியே வந்து பார்த்தாள். இன்று குடம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

“தண்ணி தெளிங்கண்ணே! தண்ணி!”

லயத்துக்கே கேட்டது.

அவர் காதோரம் கையைக் குவித்துக்கொண்டார்.

“காதுல விழுகலத்தா. இங்கிட்டு வந்து சொல்லு.”