அப்பா பார்த்த திரை

அன்று காலை அப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்து, பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துப்போனார். மதியம் ஆலையில் கொதிகலன் வெடித்ததில் இறந்துபோனார்.

மூன்று வாரம் கழித்து மேலாளர் மகளிடம் சொன்னார்: “வால்வைத் திறக்காதேன்னு கம்ப்யூட்டர் எச்சரிச்சிருக்கும்மா. உங்கப்பா படிக்காம ‘சரி’யைத் தட்டிட்டார். அலட்சியம்னுதான் அறிக்கையில எழுத முடியும்.”

“முப்பது வருஷமா இம்மி பிசகாதவர் சார். அவர் பார்த்த திரையைக் காட்டுங்க.”

கொதிகலனோடு தொடர்பு துண்டித்த கணினியில் மகள் அப்பாவின் கணக்கைத் திறந்து, அவர் கடைசியாகக் கொடுத்த கட்டளையைக் கொடுத்தாள். ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. கீழே ‘சரி’ என்ற பொத்தான் மட்டும். பக்கத்துக் கணினியில், அப்பாவோடு வேலை பார்த்த ஃபோர்மேன் தன் கணக்கில் அதையே செய்தார். எச்சரிக்கை ஆங்கிலத்தில் சிவப்பாக வந்து நின்றது.

“அப்பா தமிழ்ல வெச்சிருக்கார் சார். அந்த ஒரு வரிக்கு மட்டும் யாரும் தமிழ் எழுதல. அதான் வெறுமையா வருது. அப்பா மேல தப்பில்ல.”

“அந்த வரியை யார் விட்டது?”

அவள் அந்த வெற்றுப் பெட்டியை மூடினாள்.

“சரி, அலட்சியம்கிறதை எடுத்துடறேன். ஆனா இங்க எல்லாரும் இங்கிலீஷ்லதானே வெச்சிருக்கோம்? இவர் மட்டும் ஏன் தமிழுக்குப் போனார்?”

ஃபோர்மேன் தயங்கினார். “அண்ணனும் இங்கிலீஷ்லதான் வெச்சிருந்தார் சார். விபத்துக்கு முந்தின நாள்தான் மாத்தினார். எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ‘இந்தத் தமிழெல்லாம் என் பொண்ணு உக்காந்து எழுதினதுடா. அதுல பார்க்காம வேற எதுல பார்ப்பேன்?’னார்.”

மேலாளர் அறிக்கையில் ‘அலட்சியம்’ என்ற சொல்லை அடித்தார். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெயருக்குக் கீழே, மொழி: தமிழ் என்றே இருந்தது.