தொழிலுக்கு ஆகாத ரகம்

"நான் போட்ட ஊசிதான் மாட்டைக் கொன்னுட்டு. தப்பு என்மேலதான்."

டாக்டர் எபனேசர் இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

கம்பவுண்டர் ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் கூடிய கூட்டத்தை ஒதுக்கிவிட்டு அவர் தொழுவத்துக்குள் வருவதற்குள் டாக்டர் ஊசியைப் போட்டு முடித்திருந்தார். மாடும் நுரை தள்ளி, காலை உதறி, அடங்கிப் போயிருந்தது.

"காலைல நல்லாத்தானே நின்னுது. என்னத்தத் தின்னுச்சு?" என்று பக்கத்து வீட்டு வன்னியபெருமாள் வாசலில் நின்றபடி கேட்டு வாய் மூடவில்லை. அதற்குத்தான் டாக்டர் இப்படி ஒரு பதிலைச் சொன்னார்.

வீட்டுக்காரி சங்கரம்மாள் மண்ணை வாரி அவர்மேல் இறைத்தாள். விளாத்திகுளம் வட்டாரத்தில் நல்ல மழை கண்டு ரெண்டு வருஷம். அந்த ஒற்றைப் பசுவின் பாலில்தான் அந்த வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ வெளங்குவியா? வாயில்லாச் சீவனைக் கொன்னுட்டு மரம் மாதிரி நிக்கியே!"

டாக்டர் சட்டையில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆவுடையப்பன்தான் சங்கரம்மாளுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு ஓடிவந்தார்.

ஆவுடையப்பன் எத்தனையோ டாக்டர்களுக்குப் பை தூக்கியவர். மாட்டைத் தடவிக்கொண்டே மனுஷனிடம் நயமாகப் பேசுவார்கள் சிலர். அது முதல் ரகம். மனுஷனை அதட்டினாலும் மாட்டைக் குணமாக்கிவிடும் ரகமும் உண்டு. முட்ட வருமோ என்று வாசலிலேயே நின்று மருந்து சொல்லிவிட்டுப் போன ஒரு மகானும் உண்டு. எபனேசர் எதிலும் சேரவில்லை. கல்லுளிமங்கன். இந்தத் தொழிலுக்கே ஆகாத ரகம்.

வழியில் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டார்.

"சார், மாடு போனது போகட்டும். அந்த வீட்டு மருமக செம்புல தண்ணி கொண்டாந்தா. 'மொதல்ல போயி கையைக் கழுவிட்டு வா'ன்னு விரட்டுனீங்களே, வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டு மைல் நடந்து தூக்கிட்டு வார தண்ணி சார் அது. அந்தப் பிள்ளை மூஞ்சி செத்துட்டு."

"ம்" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கீழத்தெருவில் ஒரு கன்று கழிச்சலில் விழுந்தது. ஆவுடையப்பன் வலியப் போய்ச் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கொலைகாரன் இந்தத் தெருவுல கால் வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். மருந்து பைக்குள்ளேயே இருந்தது. கன்று செத்துப் போனது. அன்றைக்குத்தான் டாக்டர் சாப்பிடாமல் படுத்ததை ஆவுடையப்பன் பார்த்தார். பார்த்தும் மனசு இளகவில்லை.

ஊர் கூடிப் புகார் கொடுத்தது. மேலதிகாரி வந்து விசாரித்தபோது, "ஆமா சார், இவருக்குப் பொறுப்பு போதாது" என்று ஆவுடையப்பனும் சொல்லி வைத்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. கொழும்புத் தோணியில் ஏற்றுகிற ஆடுகளுக்கு முத்திரை குத்தி அனுப்பும் வேலை. எல்லாம் வெட்டுக்குப் போகிற ஆடுகள்.

மரியாதைக்கு பஸ் ஸ்டாண்டு வரை வந்த ஆவுடையப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க குணத்துக்கு ஏத்த வேலைதான் சார். அங்கன மனசு தேவையில்ல, முத்திரை போதும்."

டாக்டர் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் ஊசியை எடுக்கும்போதே அந்த மாடு செத்துக்கிட்டுதான் இருந்துது, ஆவுடையப்பன். வாய்க்குள்ள கையை விட்டேன். கொத்தாச் சோளத்தோகை."

மழை இல்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். கரிசல்காட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"கட்டிக் கிடந்த மாட்டுக்கு அதை யாரு சார்..."

"அந்த மருமக வடிவுதான். தாமிரபரணிக் கரையில நெல்லும் வைக்கோலும் பாத்து வளர்ந்த பிள்ளை. கல்யாணமாகி வந்து ஒரு மாசம்கூட ஆகல. மாடு பசியில கத்துது, காட்டுல பச்சை நிக்குது, ஒருத்தரும் அறுத்துப் போடலையேன்னு பாவப்பட்டுப் போட்டிருக்கா. செம்பு பிடிச்ச கை ரெண்டும் தோகை அறுத்த பச்சைச் சாறு. வன்னியபெருமாள் உள்ள வந்திருந்தா முதல்ல அதைத்தான் பாத்திருப்பாரு."

"தெரியாமச் செஞ்சதுதானே சார். சொல்லியிருக்கலாமே."

"போன வருஷம் மேலத்தெரு மருமகளும் தெரியாமத்தான் சோளக்காட்டுல மாட்டை விட்டா. ஏசி ஏசியே அவளைக் கிணத்துல குதிக்க வச்சாங்க. தண்ணிகூட இல்லாத கிணறு. மேல தூக்க நானும் கயிறு பிடிச்சேன், நீரும் பிடிச்சீரு. மறந்துட்டீரா?"

ஆவுடையப்பன் குனிந்து டாக்டரின் பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

பஸ் வந்தது. பெட்டி மேலே ஏறியது. படியில் கால் வைத்த டாக்டர் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை மனசு தாங்காம ஒருநாள் உம்மகிட்ட வந்து உண்மையச் சொல்லப் பாப்பா. கேக்காதீரும். 'மொதல்ல போயி கையைக் கழுவிட்டு வா'ன்னு விரட்டி விட்டுரும்."